பி.டி. உஷா: அந்த 10 மில்லிசெகண்டுக்கு அப்புறம்

இந்த வாரம் திருவண்ணாமலையிலிருந்து பேசுறேன். பின்னாடி ஃபேன் சத்தம் கேட்டா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. அதை ஆஃப் பண்ணிட்டு இந்த ஊர் வெயில்ல அரை மணி நேரம் பேச முடியாது.

நம்ம ஊர்ல யாராவது பஸ்ஸைப் பிடிக்க வேகமா ஓடினா ஒரு டயலாக் வரும். "பெரிய பி.டி. உஷானு நினைப்பு!" உங்க வீட்லயும் சொல்லியிருப்பாங்க. ஆனா அதைச் சொல்றவங்க கிட்ட, உஷா எந்தப் போட்டியில ஓடினாங்கனு கேட்டுப் பாருங்க. பாதிப் பேருக்குத் தெரியாது. 'பி.டி.'ங்கிறது பி.டி. பீரியட்ல வர்ற பி.டி.னு நினைச்ச பசங்க என் ஸ்கூல்லயே இருந்தாங்க. இல்லப்பா, அது பிலாவுள்ளகண்டி தெக்கேபரம்பில். அவங்க வீட்டுப் பேரு.

இன்னிக்கு எபிசோட் அவங்களோட ஓட்டத்தைப் பத்தி மட்டும் இல்ல. ஓட்டத்தை நிறுத்தின பிறகு கோச் ஆனாங்களே, அதைப் பத்தியும்தான். ஐ.டி.ல இருக்கிறவங்களுக்கு இந்தக் கதை ஈசியா புரியும். நல்லா கோட் எழுதுறவரை ஒரு நாள் டீம் லீட் ஆக்கிடுவாங்க. நேத்து வரைக்கும் அவர் வேலை கோட் எழுதுறது. இன்னிலேர்ந்து மத்தவங்களை நல்லா எழுத வைக்கிறது. பார்க்க ஒரே வேலை மாதிரி இருக்கும், ஆனா முழுசா வேற. விளையாட்டுலயும் இதே கேள்விதான். பெரிய வீரர், பெரிய கோச் ஆக முடியுமா?

முதல்ல அந்த ஓட்டத்தைப் புரிஞ்சுக்கலாம்

உஷா உலகத்துக்குத் தெரிய வந்தது 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்துல. டிராக்கோட ஒரு முழுச் சுற்று. நடுவுல 10 தடைகள். பெண்களுக்கு ஒவ்வொண்ணும் 76.2 சென்டிமீட்டர் உயரம், கிட்டத்தட்ட நம்ம டைனிங் டேபிள் உயரம். ஸ்டார்ட்லேர்ந்து முதல் தடை 45 மீட்டர், அப்புறம் ஒவ்வொரு தடைக்கும் நடுவுல 35 மீட்டர், கடைசித் தடையிலேர்ந்து கோடு வரைக்கும் 40 மீட்டர். கூட்டிப் பாருங்க, சரியா 400 வரும்.

இதுல தாண்டுறதை விடக் கஷ்டம் ஒண்ணு இருக்கு. எண்ணிக்கை. ரெண்டு தடைக்கு நடுவுல எத்தனை எட்டு வைக்கிறீங்கங்கிறது முன்கூட்டியே முடிவு பண்ண வேண்டிய விஷயம். 15 எட்டுனு வைங்க. ஒற்றைப்படை எண், அதனால ஒவ்வொரு தடையிலயும் அதே கால்தான் முன்னாடி போகும். கடைசி 150 மீட்டர்ல கால் ஓய்ஞ்சு எட்டு சின்னதாகும். 15 பத்தாது, 16 ஆகும். அப்போ மறு காலை முன்னாடி போட்டுத் தாண்டணும். அதுக்கு மறு காலையும் பழக்கியிருக்கணும். பழக்கலைனா தடைக்கு முன்னாடி தடுமாறி, குட்டிக் குட்டி எட்டா வச்சு டைமை இழப்பீங்க. அதாவது ஓடுறவங்க ஒரு ப்ரோக்ராமை ரன் பண்ணிக்கிட்டே, சோர்வுக்கு ஏத்த மாதிரி அதைப் பாதியில மாத்தவும் செய்றாங்க.

இதை யாரும் தனியா கத்துக்க முடியாது. வெளியிலேர்ந்து எண்ணுறதுக்கு ஒரு ஆள் வேணும். அவர்தான் கோச்.

லாஸ் ஏஞ்சலஸ், 1984

1984 ஒலிம்பிக்லதான் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதல் முறையா சேர்க்கப்பட்டது. ஆகஸ்ட் 8, ஃபைனல். உஷாவுக்கு வயசு 20. அதுக்கு முன்னாடி அவங்க முக்கியமா 100, 200 மீட்டர் ஓடுறவங்க. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுல அந்த ரெண்டுலயும் வெள்ளி வாங்கினவங்க. அதே டெல்லியில 400 மீட்டர் தடை ஓட்டத்துல தங்கம் வாங்கினது எம்.டி. வல்சம்மா. ஆக, ஒலிம்பிக் ஃபைனலுக்கு வந்தப்போ உஷா இந்தப் போட்டிக்குப் புதுசு.

ஃபைனல்ல முதல் ஸ்டார்ட் ஃபால்ஸ் ஸ்டார்ட் ஆச்சு. எல்லாரும் திரும்பி வந்து மறுபடி ஆரம்பிச்சாங்க. மொராக்கோவோட நவால் எல் மூதவக்கில் 54.61 செகண்ட்ல தங்கம். அமெரிக்காவோட ஜூடி பிரவுன் 55.20, வெள்ளி. மூணாவது இடத்துக்கு ருமேனியாவோட கிறிஸ்டியானா கோஜோகாருவும் உஷாவும் ஒண்ணாவே கோட்டைத் தாண்டினாங்க. போட்டோ ஃபினிஷ் பார்த்துச் சொன்னாங்க: கோஜோகாரு 55.41. உஷா 55.42.

ஒரு செகண்ட்ல நூத்துல ஒரு பங்கு. நம்ம பாஷைல 10 மில்லிசெகண்ட். நீங்க எழுதின ஏ.பி.ஐ. 10 மில்லிசெகண்ட் லேட்டா பதில் சொன்னா யாரும் கவனிக்கக்கூட மாட்டாங்க. தூரமா கணக்குப் போடலாம். 400 மீட்டரை 55.42-ஆல வகுத்தா செகண்டுக்கு சுமார் 7.2 மீட்டர். அப்போ 10 மில்லிசெகண்டுக்கு 7 சென்டிமீட்டர் சொச்சம். உங்க பர்ஸ்ல இருக்கிற ஏ.டி.எம். கார்டு அதை விட நீளம்.

கோட்டுக்கிட்ட நெஞ்சை முன்னாடி தள்ளிச் சாய்ஞ்சிருந்தா வெண்கலம் கிடைச்சிருக்கும்னு அப்போலேர்ந்து சொல்றாங்க. அந்த ஊர் சாப்பாடு ஒத்துக்காம கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டு ஓடினதைப் பத்தி உஷாவே பிற்காலத்துல பேட்டியில சொல்லியிருக்காங்க. சாய்றது, சாப்பிடுறது, ஃபால்ஸ் ஸ்டார்ட்டுக்கு அப்புறம் மனசைத் திரும்ப செட் பண்றது. மூணுமே திறமை சம்பந்தப்பட்டது இல்ல. சொல்லிக் கொடுத்தா, ஏற்பாடு பண்ணா வர்ற விஷயங்கள். பின்னாடி ஒரு அமைப்பு இருந்தா கிடைச்சிருக்கும்.

நம்பியார் சார்

உஷாவோட கோச் ஓ.எம். நம்பியார். விமானப்படையில இருந்தவர். அவரும் தடகள வீரர்தான், ஆனா இந்தியாவுக்காக ஓடுற வாய்ப்பு அவருக்கு வரவே இல்லை. 1976-ல கேரள அரசு கண்ணூர்ல பெண்களுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் டிவிஷன் ஆரம்பிச்சப்போ உஷா அங்க சேர்ந்தாங்க. அங்கதான் நம்பியார் கண்ணுல பட்டாங்க. பையோளி கடற்கரை மணல்ல ஓட வச்சார். தடை ஓட்டம் ஒலிம்பிக்ல வருதுன்னதும், 100 மீட்டர் ஓடுற பொண்ணை அந்தப் பக்கம் திருப்பினதும் அவர்தான்.

1985-ல இந்திய அரசு முதல் முறையா துரோணாச்சார்யா விருது கொடுத்தப்போ, அதை வாங்கின முதல் மூணு பேர்ல நம்பியாரும் ஒருத்தர். 2021-ல பத்மஸ்ரீ. அதே வருஷம் ஆகஸ்ட்ல காலமானார்.

லாஸ் ஏஞ்சலஸ்ல தோத்த பிறகு இந்தக் கூட்டணி என்ன பண்ணுச்சுனு பாருங்க. 1985 ஜகார்த்தா ஆசிய சாம்பியன்ஷிப்ல அஞ்சு தங்கம், ஒரு வெண்கலம். 1986 சியோல் ஆசிய விளையாட்டுல நாலு தங்கம், ஒரு வெள்ளி. தான் ஜெயிக்காத ஒருத்தர், ஜெயிக்கிற ஒருத்தரை உருவாக்கினார். அதனால "பெரிய வீரர்தான் பெரிய கோச் ஆக முடியும்"ங்கிற பேச்சு உஷாவோட வாழ்க்கையிலயே நிக்காது.

தார்ச்சாலைக்கும் டிராக்குக்கும் நடுவுல

இந்த எபிசோடை இப்போ பண்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. காலையில அஞ்சரைக்கு நான் கிரிவலப் பாதையில நடக்கப் போவேன். அந்த நேரத்துல டிராக் பேண்ட் போட்ட ஸ்கூல் பொண்ணுங்க சில பேர் ஓடிக்கிட்டு இருப்பாங்க. அதுல ஒரு பொண்ணு எங்க தெரு. ஒன்பதாவது படிக்குது. ஹர்டில்ஸ்னா அதுக்கு உயிர். போன மாசம் அவங்க அம்மா என்கிட்ட கேட்டாங்க: "தம்பி, விளையாட்டு விடுதியில சேர்க்கச் சொல்லி பி.டி. மாஸ்டர் சொல்றாரு. ஓடி என்னப்பா ஆகப் போகுது? நீ இன்ஜினியரிங் படிச்சவன், நீயே சொல்லு."

இன்ஜினியரிங் படிச்சதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கும் தெரியல. ஆனா கேள்வி நியாயமானது. ஒரு அம்மா தன் பொண்ணோட நாலஞ்சு வருஷத்தை ஒரு கோச் கையில கொடுக்கணும். அதுக்கு என்ன உத்தரவாதம்? அந்தக் கேள்வியோடதான் உஷா ஸ்கூல் பத்தி நான் படிக்க ஆரம்பிச்சேன்.

கினாலூர்

உஷா ரொம்ப நாள் ஓடினாங்க. கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து, 1998-ல 34 வயசுல ஃபுகுவோகா ஆசிய சாம்பியன்ஷிப்ல 200, 400 மீட்டர் ரெண்டுலயும் வெண்கலம் வாங்கினாங்க. 2000-ல ஓய்வு. 2002-ல 'உஷா ஸ்கூல் ஆஃப் அத்லெட்டிக்ஸ்' ஆரம்பிச்சாங்க. முதல்ல கொயிலாண்டியில, அப்புறம் கோழிக்கோடு மாவட்டம் கினாலூர்ல, கேரள அரசு கொடுத்த நிலத்துல. பெண்களுக்கான தங்கிப் பயிலும் பள்ளி. சின்ன வயசுலயே தேர்ந்தெடுத்து, தங்க வச்சு, படிக்க வச்சு, ஓட வைக்கிறாங்க.

இங்க ஒரு தகவல். அந்தப் பள்ளிக்கு சின்தடிக் டிராக் திறந்தது 2017-ல. ஆரம்பிச்சு 15 வருஷம் கழிச்சு. நாட்டுல எல்லாருக்கும் பேர் தெரிஞ்ச ஒரு தடகள வீராங்கனை நடத்துற பள்ளிக்கே இந்த நிலைமைனா, பேர் தெரியாத ஒரு ஊர் கோச்சுக்கு என்ன நிலைமைனு நீங்களே யோசிங்க.

டின்டு லூக்கா

உஷாவோட ஆரம்ப கால மாணவிகள்ல ஒருத்தர் டின்டு லூக்கா. கண்ணூர் மாவட்டத்துப் பொண்ணு. உஷா அவங்களை எதுல ஓட வச்சாங்க தெரியுமா? தடை ஓட்டத்துல இல்ல. 100, 200-லயும் இல்ல. 800 மீட்டர்ல. உஷா தன்னோட போட்டியா எடுத்துக்காத தூரம்.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். தன்னை 10 மில்லிசெகண்ட்ல கைவிட்ட அதே போட்டிக்கு ஒரு பொண்ணைத் தயார் பண்ணி, தன்னோட கணக்கை அவ மூலமா தீர்த்துக்கிறது ரொம்ப ஈசி. எத்தனை அப்பா அம்மா ஜே.இ.இ., நீட்னு இதைப் பண்றாங்க? உஷா அந்தப் பொண்ணோட உடம்புக்கு எது சரியா வரும்னு பார்த்தாங்க. நம்பியார் உஷாவுக்குச் செஞ்சதும் அதேதான். கையில இருக்கிற பொண்ணைப் பார்க்கிறது.

2010-ல குரோஷியாவோட ஸ்பிளிட் நகரத்துல டின்டு 800 மீட்டரை 1 நிமிஷம் 59.17 செகண்ட்ல முடிச்சு, 15 வருஷமா ஷைனி வில்சன் பேர்ல இருந்த தேசிய சாதனையை உடைச்சாங்க. 2012 லண்டன் ஒலிம்பிக்ல அரையிறுதி. 2014 இன்சியான் ஆசிய விளையாட்டுல வெள்ளி. 2015 வூஹான் ஆசிய சாம்பியன்ஷிப்ல தங்கம். அதே பள்ளியிலேர்ந்து வந்த ஜிஸ்னா மாத்யூ, 2017 புவனேஸ்வர் ஆசிய சாம்பியன்ஷிப்ல 400 மீட்டர் வெண்கலமும், தொடர் ஓட்டத்துல தங்கமும் வாங்கினாங்க.

விமர்சனமும் இருந்துச்சு. டின்டு முதல் சுற்றை ரொம்ப வேகமா ஓடி முன்னாடி போயிடுவாங்க, கடைசி 100 மீட்டர்ல மத்தவங்க பிடிச்சிடுவாங்க. 2010 டெல்லி காமன்வெல்த் ஃபைனல்ல அப்படித்தான் ஆச்சு. "கோச் ஏன் இந்த டாக்டிக்ஸை மாத்தல?"னு வருஷக்கணக்கா கேட்டாங்க. வேகத்துல வளர்ந்த கோச்சுக்கு வேகத்து மேலதான் நம்பிக்கை இருக்கும்னு எனக்குத் தோணுது. இது என் ஊகம் மட்டும்தான். ஆனா நம்ம ஆபீஸ்லயும் பார்த்திருப்பீங்க. லீட் எதுல கெட்டிக்காரரோ, டீம் முழுக்க அதுலதான் ஸ்ட்ராங்கா இருக்கும். அவருக்கு வராதது டீமுக்கும் வராது.

பள்ளியோட கனவு ஒலிம்பிக் பதக்கம். அது இன்னும் வரல. 2022-ல உஷா ராஜ்யசபா உறுப்பினர் ஆனாங்க, அதே வருஷம் டிசம்பர்ல இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர். 2023-ல மல்யுத்த வீராங்கனைகள் ஜந்தர் மந்தர்ல போராடினப்போ, அது நாட்டோட பேரைக் கெடுக்குதுங்கிற மாதிரி அவங்க பேசினது பெரிய அதிருப்தியைக் கிளப்புச்சு. அப்புறம் நேர்ல போய்ப் பார்த்தாங்க. கோச் பதவியும் தலைவர் பதவியும் வேற வேற. மைதானத்துல பொண்ணுங்க பக்கம் நின்ன ஒருத்தர் கிட்ட மக்கள் அதையே நாற்காலியிலயும் எதிர்பார்த்தாங்க. எதிர்பார்த்தது தப்பில்லைனு நான் நினைக்கிறேன்.

இது நம்ம நாட்டுக்கு மட்டும் உரியதும் இல்ல. பிரான்ஸோட கி ட்ரூ, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்ல 110 மீட்டர் தடை ஓட்டத்துல தங்கம் வாங்கினவர், பின்னாடி விளையாட்டு அமைச்சரானார். உஷாவை ஜெயிச்ச எல் மூதவக்கிலும் மொராக்கோவுல அமைச்சரானாங்க. தடை தாண்டுறவங்களுக்கு அரசியல் பக்கமும் வழி திறந்திருக்கு போல.

39 வருஷம் நின்ன நம்பர்

அந்த 55.42, பதக்கம் தரலைனாலும் தேசிய சாதனையா நின்னுச்சு. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்ல. 39 வருஷம். இதைப் பெருமையா சொல்றோம். கொஞ்சம் திருப்பிப் பாருங்க. 20 வயசுல, புதுசா பழகின போட்டியில ஓடின டைமை, நாலு தலைமுறை வீராங்கனைகள் தொட முடியலைனா அது உஷாவுக்குப் பெருமை, நம்ம அமைப்புக்கு இல்ல.

தொட்டது யாருன்னா, நம்ம கோயம்புத்தூர் பொண்ணு வித்யா ராம்ராஜ். வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாத்தின ஒரு டிரைவரோட மகள். கோச், நேபால் சிங் ராத்தோர். 2023 செப்டம்பர்ல சண்டிகர்ல ஓடினாங்க. டைம் என்ன தெரியுமா? 55.43. அதே 10 மில்லிசெகண்ட்! உஷாவுக்குப் பதக்கம் போனது அந்த இடைவெளியில, வித்யாவுக்கு சாதனை போனதும் அதே இடைவெளியில.

மூணு வாரம் கழிச்சு, அக்டோபர் 2, ஹாங்சோ ஆசிய விளையாட்டு, தகுதிச் சுற்று. 55.42. உஷாவோட நம்பரேதான், ஒரு புள்ளி கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அடுத்த நாள் ஃபைனல்ல 55.68, வெண்கலம்.

வித்யாவோட இரட்டைச் சகோதரி நித்யாவும் தடை தாண்டுறவங்கதான், 100 மீட்டர்ல. அது இன்னும் பரபரப்பான ஓட்டம். 83.8 சென்டிமீட்டர் உயரத்துல 10 தடை, நடுவுல 8.5 மீட்டர், மூணே எட்டு. ஒரே வீட்ல பிறந்த ரெண்டு பொண்ணுங்க, ஒரே ஆசிய விளையாட்டுல இந்தியாவுக்காகத் தடை தாண்டினாங்க. இதுக்கு மேல ஒரு வீட்டுக்கு என்ன வேணும்?

வித்யா கினாலூர் பள்ளியில உருவானவங்க இல்ல. உஷா தானே பயிற்சி கொடுத்து உடைக்க வைக்காத ரெக்கார்டை, வேற ஒரு கோச்சோட பொண்ணு எட்டிப் பிடிச்சாங்க. இதைத் தோல்வியா பார்க்கலாம். எனக்கு அப்படித் தெரியல. கோச்சிங் ஒரு ஆளோட வேலையா நின்னுடக் கூடாது. கண்ணூர்ல ஒரு நம்பியார், கினாலூர்ல ஒரு உஷா, கோயம்புத்தூர்ல ஒரு பி.டி. மாஸ்டர்னு பல இடத்துல பரவினாத்தான் அது அமைப்பு. சாஃப்ட்வேர்ல சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்னு சொல்வோம்ல? ஒரே ஒரு சர்வரை நம்பி எல்லாத்தையும் ஓட்டக் கூடாது.

அந்த அம்மாவுக்கு என்ன சொன்னேன்

ஓகே, எங்க தெரு அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம். "அனுப்புங்க"னோ "வேணாம்"னோ நான் சொல்லல. அது அவங்களும் அந்தப் பொண்ணும் எடுக்க வேண்டிய முடிவு. ஆனா விடுதிக்கு நேர்ல போய்க் கேட்க அஞ்சு கேள்வி எழுதிக் கொடுத்தேன்.

ஒண்ணு, சாப்பாடு என்ன போடுறாங்க, ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டுப் பாருங்க. ரெண்டு, ஸ்கூல் படிப்பு எப்படி நடக்குது, போட்டிக்குப் போற நாள்ல விட்டுப் போன பாடத்தை யார் சொல்லிக் கொடுக்கிறாங்க. மூணு, பெண் வார்டன் ராத்திரி அங்கேயே இருக்காங்களா, பொண்ணு உங்களுக்கு எப்ப வேணும்னாலும் தனியா போன் பண்ணலாமா. நாலு, அடிபட்டா யார் பார்க்கிறாங்க. அஞ்சாவதுதான் கோச் பத்தினது: "என் பொண்ணுக்கு ஹர்டில்ஸ்தான் சரியா வரும்னு எதை வச்சுச் சொல்றீங்க?"னு கேளுங்க. அவர் அந்தப் பொண்ணைப் பத்திப் பேசினா, நல்ல கோச். தன்னைப் பத்தியே பேசினா, கொஞ்சம் யோசிங்க.

அந்த அம்மா பேப்பரை மடிச்சு இடுப்புல சொருகிக்கிட்டு, "அஞ்சாவது கேள்வியை முதல்ல கேக்கறேன்"னு சொல்லிட்டுப் போனாங்க. அடுத்த வாரம் விடுதிக்குப் போறாங்களாம்.

கிரிவலப் பாதை மொத்தம் 14 கிலோமீட்டர். டிராக் கணக்குல 35 சுற்று. அதுல யாரும் டைம் பார்க்கிறது இல்ல, யாரும் முதலாவது வர்றதும் இல்ல. டிராக்ல அப்படி இல்ல, 7 சென்டிமீட்டருக்குக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கு தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல நின்னு எண்ணிக்கிட்டே இருந்தா, ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணுக்கு அதை விட வேற என்ன வேணும்?

உங்க ஸ்கூல்ல உங்களை ஓட வச்ச பி.டி. மாஸ்டர், மிஸ் யாராவது ஞாபகம் இருந்தா, இந்த வாரம் அவங்களுக்கு ஒரு போன் போடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.